கறுப்பு நூலும் கைத்துப்பாக்கியும்

சாதாரண உடுப்பில் வேலைக்குப் போன முதல் நாள் காலையில் நான் ஐந்து தடவை கண்ணாடி பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட நான் அவ்வளவு பார்க்கிறவள் இல்லை. பொலிஸ் நிலையத்தில் உடுப்பு மாற்றும் அறையில் நின்று முன்பக்கம், பின்பக்கம், குனிந்து, நிமிர்ந்து, மேல்தட்டில் எதையோ எடுப்பதுபோலக் கையைத் தூக்கி, எல்லாவிதமாகவும் பார்த்தேன். வலது இடுப்பில், காற்சட்டைக்கு உள்ளே பொருந்துகிற உறைக்குள், என் கைத்துப்பாக்கி இருந்தது. அதற்கு மேலே ஒரு அளவு பெரிய கட்டம்போட்ட சட்டை. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தால் சட்டை மேலே போய்விடும் என்பதால் குதிக்கவில்லை.

நான் பேர்லினில் பொலிஸ்காரி. நான்கு வருடம் சீருடை போட்டு ரோந்து போனவள். அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீருடையைக் கண்டதும் கள்ளன் நல்லவன் ஆகிவிடுவான், நாங்கள் தெருமுனை தாண்டியதும் திரும்பவும் கள்ளன் ஆகிவிடுவான். எனக்கு அலுத்துப்போயிற்று. கூட்டத்துக்குள் நின்று, கைப்பைகளுக்குள் கை விடுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஒரு பிரிவு எங்களிடம் உண்டு. அதற்கு மனுப் போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டி வாங்கிய இடம் இது. என்னைப் பார்த்தால் யாரும் பொலிஸ் என்று நினைக்க மாட்டார்கள் என்பதுதான் என்னுடைய பெரிய தகுதி. நொய்கெல்ன் கடைத்தெருவில் மரக்கறிப் பையோடு நிற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை எந்தக் கள்ளன் கணக்கில் எடுப்பான்?

அன்று என் இடுப்பில் உண்மையில் இரண்டு சாமான் ஒளிந்திருந்தன. ஒன்று துப்பாக்கி. அது தெருவுக்குத் தெரியக்கூடாது, அதைவிட முக்கியமாக அம்மாவுக்குத் தெரியக்கூடாது. மற்றது அம்மா கட்டிவிட்ட கறுப்பு நூல். அது பொலிசுக்குத் தெரியக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அன்றிலிருந்து இந்த நகரத்திலேயே இருக்கிறார். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தவறிவிட்டார். அம்மா காலையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வார், மத்தியானம் ஒரு உணவகத்துக் குசினியில் நிற்பார், வெள்ளிக்கிழமை முருகன் கோயில். கொஞ்சம் பயந்த சுபாவம் என்று ஊரார் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. வீட்டுக்காரனோடு சண்டை பிடித்து, அரைகுறை ஜெர்மனில் வாதாடி, வெந்நீர்க் குழாயைத் திருத்த வைத்த மனுசி அவர்.

ஆனால் துப்பாக்கி, அவர் வாயில் துவக்கு, என்றால் மட்டும் வேறு ஆள். தொலைக்காட்சியில் துப்பாக்கி வந்தால் சானல் மாறிவிடும். சின்ன வயதில் எனக்குத் தண்ணீர்த் துப்பாக்கிகூட வாங்கித் தந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கிடைத்த ஒன்றை அன்றைக்கே குப்பைத் தொட்டிக்குள் போட்டார். நான் நிலத்தில் உருண்டு அழுதும் அசையவில்லை. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். சண்டைக்குள்ளால் வந்தவர், அப்படித்தானே இருக்கும் என்று நானே ஒரு காரணத்தை முடிவு செய்து வைத்திருந்தேன். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கையின், என் சின்னம்மாவின், படம் மாலையோடு இருக்கும். பதினாறு வயதில் ஷெல் விழுந்து செத்தவ என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவே போதுமான காரணம் என்று நினைத்திருந்தேன்.

நான் பொலிசில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்கியபோது அம்மா மூன்று கிழமை, இருபத்தொரு நாள், என்னோடு பேசவில்லை. சத்தியப்பிரமாணம் எடுத்த நாளில் வந்தார், சேலை கட்டி வந்தார், ஆனால் என் கழுத்துக்குக் கீழே பார்க்கவில்லை. அன்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் அதை நெஞ்சோடு வெட்டிவிட்டார். பெல்ட்டும் அதில் தொங்கியதும் படத்தில் இல்லை. வருகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமா என்று கேட்பார்கள்.

ஆகவே புதுப் பிரிவு கிடைத்தது என்று சொன்னபோது, அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப இனி யூனிபோம் இல்லையோ?"

"இல்லை அம்மா. உங்களை மாதிரி, என்னை மாதிரி, சும்மா உடுப்பு."

"அப்ப இனித் துவக்கும் இல்லைத்தானே?"

"ஓம்" என்றேன்.

ஆமாம் என்கிற ஒரு சொல். அதைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம் இருந்தது, நான் திருத்தவில்லை. அவர் எழும்பிப் போய் எனக்குப் பிடித்த உழுந்து வடைக்கு ஊறப்போட்டார். வடையைத் தின்றுகொண்டு யாரால் உண்மை சொல்ல முடியும்? எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் ஆறு வடை தின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய், என் பேருக்கு அர்ச்சனை செய்து, கறுப்பு நூல் கொண்டுவந்தார். கையிலும் கழுத்திலும் ஒன்றும் கட்டக்கூடாது என்பது எங்கள் வேலையில் கட்டளை, யாராவது பிடித்து இழுத்துவிடலாம். அதனால் இடுப்பில் கட்டினார். மூன்று முடிச்சுப் போட்டு, ஒரு சாண் நீளத்துக்கு வால் விட்டார். மெலிந்தாலும் கொழுத்தாலும் தானே அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாராம். கடைசியில் ஒரு கட்டளையும் வந்தது. நூல் தானாக அறுந்து விழவேண்டும், கையால் அறுக்கக் கூடாது. அறுந்து விழும்வரை வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடுதான் என்று தனக்கும் ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டார். நான் தனியாக இருந்தாலும் வெள்ளி முதல் ஞாயிறுவரை அம்மா வீட்டில்தான், என் உடுப்பில் பாதி அங்கேதான் கிடக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் வீட்டுக்குப் போனவுடன் அம்மாவின் கை என் இடுப்புக்கு வரும். நூல் இருக்கிறதா என்று சட்டைக்கு மேலால் தடவிப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி.

வேலைச் சாமானோடு நான் அந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. துப்பாக்கியை நிலையத்தில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, பிறகுதான் பஸ் பிடிப்பேன். பாதுகாப்புக்கு என்று சொல்லலாம். பொய்யைக் காப்பாற்றுவதற்கு என்றும் சொல்லலாம்.

முதல் ஆறு கிழமையும் பாதி நாள் தெரு, பாதி நாள் பயிற்சி. எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஐம்பது தாண்டிய, தொந்தி வைத்த, மெதுவாகப் பேசுகிற ஒரு மனிதர். முதல் வகுப்பில் அவர் சுடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. சுடுவது உங்கள் வாழ்க்கையில் ஒருவேளை ஒருநாளும் வராது, சுமப்பது ஒவ்வொரு நாளும் வரும் என்றார். பிறகு இரண்டு மணித்தியாலம் சுமப்பதைப் பற்றியே பேசினார். நான் குறிப்புப் புத்தகத்தில் ஒரு சொல் விடாமல் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதியிருந்தால் டொக்டராகியிருப்பேன் என்று அம்மா சொல்வார்.

மறைத்துச் சுமக்கிறவர் எல்லாரும் விடுகிற முதல் பிழை, தொட்டுப் பார்ப்பது. இருக்கிறதா, தெரிகிறதா என்று கை தானாக இடுப்புக்குப் போகும். தெருவில் உள்ள கெட்டிக்காரக் கள்ளன் அந்தக் கையைத்தான் பார்ப்பான். ஆகவே பயிற்சியாளர் சாப்பாட்டு அறையில் எங்களுக்குப் பின்னால் நடந்து திரிவார். இடுப்பைத் தொட்டவர் அன்று எல்லாருடைய கோப்பி மக்கையும் கழுவவேண்டும். முதல் மூன்று கிழமையும் நான்தான் கழுவினேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் தடவித் தடவி எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது, கழிவறை. இதை அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பதும் கொளுக்கியில் மாட்டுவதும்தான் மறந்து போவதற்குச் சுருக்கமான வழி. உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்றார். எங்கே வைத்தேன் என்ற கேள்வி வரக்கூடாது, ஏனென்றால் வைக்கவே கூடாது.

மூன்றாவதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே எடுக்கும்போது வேகம் இருக்கலாம், உள்ளே வைக்கும்போது வேகம் கூடாது. தற்செயலாக வெடிக்கிற வெடிகளில் அநேகம் திரும்ப உறையில் வைக்கும்போதுதான் வெடிக்கும். சட்டையின் ஓரம், ஜாக்கெட்டின் கயிறு, ஏதாவது ஒன்று விசைக்குள் கொழுவும், மாட்டிக்கொள்ளும். நீ கீழே அமுக்க அமுக்க அது விசையை இழுக்கும். உன் கால் உன் துப்பாக்கிக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை மறக்காதே என்றார். நான் அதையும் எழுதினேன். கோடு போட்டு எழுதினேன். எழுதும்போது அந்த ஒரு சாண் வால் என் இடுப்பில்தான் இருந்தது. அது என் மண்டையில் ஏறவே இல்லை. அம்மா கட்டியது எனக்கு ஒரு சாமானாகவே தெரியவில்லை, தோலோடு தோலாக இருந்தது.

வேறு தொல்லைகளும் வந்தன. என் பெரிய சட்டைகளைக் கண்டு அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. சாக்குப் போட்ட மாதிரி இருக்கு, பொம்பிளைப்பிள்ளை போடுற சட்டையே இது என்று புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல் மெஷினில் மூன்று சட்டைக்கும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டார். திங்கட்கிழமை அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனால், துப்பாக்கி சட்டைக்கு வெளியே தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. என் சோடியாக வேலை செய்கிறவன், வடக்கிலிருந்து வந்த ஒரு நெட்டையன், சிரித்துச் சிரித்துத் தன்னுடைய மழைச்சட்டையைக் கழற்றித் தந்தான். நாள் முழுவதும் அதற்குள் வெந்தேன்.

ஆனால் அந்தக் கிழமைகளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. ஹெர்மான்பிளாட்ஸ் ஊபான் ரயில் நிலையத்தில், படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒரு வயதான மாதுவின் பையில் ஒருவன் கை வைப்பதைக் கண்டேன். எனக்கும் அவனுக்கும் எட்டுப் படி. அந்த நேரம் பார்த்து, மேலே தமிழ்க் கடை வைத்திருக்கும் அக்கா என்னைக் கண்டுவிட்டார். பிள்ளை, முருங்கைக்காய் வந்திருக்கு, வந்து எடுத்துக்கொண்டு போ என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கள்ளன் திரும்பிப் பார்த்தான். முருங்கைக்காய் வாங்கப் போகிற பெண்ணைத்தான் கண்டான். திரும்பவும் பைக்குள் கையை விட்டான். நான் எட்டுப் படியையும் நான்கு எட்டில் தாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நெட்டையன் மறு பக்கத்தால் வந்தான். எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை, நானும் அதை நினைக்கவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பயிற்சியாளர் என் தோளில் தட்டினார். அன்று நான் கோப்பி மக் கழுவவில்லை. முருங்கைக்காயும் வாங்கினேன்.

ஆறாவது கிழமை, வியாழக்கிழமை, சுடுபயிற்சி. உண்மையான தோட்டா. எடுத்து, முழங்காலில் இருந்து, இரண்டு வெடி வைத்து, எழும்பி, சுற்றிப் பார்த்து, திரும்ப உறையில் வைக்கவேண்டும். நான் நன்றாகச் சுட்டேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது. வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பத்தோ பதினைந்தோ தடவை குனிந்து நிமிர்ந்ததில், இடது பக்கம் செருகி வைத்திருந்த நூலின் வால் மெல்ல மெல்ல வலது பக்கத்துக்கு வந்துவிட்டது எனக்குத் தெரியாது.

உறைக்குள் வைத்தேன். பாதியில் நின்றது. மிகச் சின்னத் தடை. தலையணை உறைக்குள் தலையணையைத் திணிக்கும்போது ஓரம் மடங்கி நிற்குமே, அந்த அளவுதான். என் கை இன்னும் கொஞ்சம் அமுக்கத்தான் போனது, அதை நான் ஒளிக்க மாட்டேன். அந்த நேரம் பயிற்சியாளரின் குரல் வந்தது. சத்தமாக இல்லை, நில் என்று மட்டும் சொன்னார். நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, குனிந்து பார்த்து, மெதுவாக மேலே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சுவரை நோக்கிப் பிடித்து, தோட்டா எல்லாம் கழற்றி, மேசையில் வைத்தேன். விசைக்கு முன்னால், அதைச் சுற்றிய வளையத்துக்குள், ஒரு கறுப்பு நூல் வளைந்து கிடந்தது. மறுமுனை என் இடுப்பில் இருந்தது.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வலது கால்.

அந்த நூல் என்ன என்று பயிற்சியாளர் கேட்டார். அம்மா கோயிலில் வாங்கிக் கட்டியது, எனக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று கட்டியது என்றேன். நெட்டையன்கூடச் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் நூலை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், மரியாதையாகத்தான் தொட்டார்.

"இதை யார் கட்டினார்கள் என்பது விசைக்குத் தெரியாது. திங்கட்கிழமை நூலோடு வந்தால், உறையைத் தந்துவிட்டுச் சீருடைக்குத் திரும்பிப் போ. நூல் இல்லாமல் வந்தால், உள்ளே வா."

அன்று பின்னேரம் உடுப்பு மாற்றும் அறையில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் சட்டையைத் தூக்கி, நூலைக் கத்தரிக்கோலின் வாய்க்குள் வைத்தேன். கை அமுங்கவில்லை. எனக்குப் பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது, பரீட்சைக் காலத்தில் மட்டும் கோயிலுக்குப் போகிற ஆள் நான். ஆனால் ஆறு வெள்ளிக்கிழமை ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுக் கிடந்த மனுசியின் நூல் அது. அறுத்தால் நாளைக்கு அவர் கை என் இடுப்பைத் தடவும், நூல் இல்லை என்று தெரியும். தானாக அறுந்தது என்று இன்னொரு பொய் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் துப்பாக்கியையும் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு மூன்று கிழமை இல்லை, மூன்று வருடம் பேசாமல் இருப்பார். எனக்கு இந்த வேலையும் வேணும், அம்மாவும் வேணும். எதை விட்டாலும் என்னால் ஏலாது என்று அன்றிரவு முழுவதும் புரண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா மரக்கறிச் சமையலில் நின்றார், பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு என் இடுப்புக்குக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"அம்மா, நான் பொய் சொன்னனான். துவக்கு இருக்கு. ஒவ்வொரு நாளும் இருக்கு. சட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

அவர் கையை இழுக்கவில்லை. அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இப்பவும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, பூட்டி வைத்துவிட்டு வந்தேன் என்றேன். எத்தனை பூட்டு என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெட்டிப் பூட்டு, அறைப் பூட்டு என்று சொன்னேன். பிறகு நேற்று நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நூலின் வால், உறை, பாதியில் நின்றது, அவர் நில் என்றது. எதையும் குறைக்கவில்லை.

"கொழுவினதோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா. கொழுவினது."

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். கதிரையில் இருந்தார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சாமித்தட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, தன் பாட்டில் பேசுவதுபோலச் சொன்னார்.

"தங்கச்சிக்கு ஷெல் படேல்லை."

பிறகு சொன்னார். தெரிந்த ஆள் ஒருவர் அன்று வீட்டில் வந்து தங்கியிருந்தார். விடிய எழும்பி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும்போது, துவக்கை நெல்லு மூட்டைக்குப் பின்னால் மூலையில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்ததாக நினைப்பு. அதன் தோள்வார் மட்டும் நிலத்தில் தொங்கியது. சின்னம்மா வீடு கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விளக்குமாற்று ஈர்க்கில் வார் கொழுவியது, அவர் இழுத்தார், துவக்கு சரிந்து வெடித்தது. அம்மா வாசலில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தார். அந்த நாளில் ஷெல் விழாத கிழமை இல்லை. வந்து நின்று அழுத அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் அப்பா ஷெல் என்று சொல்லச் சொன்னாராம். சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக எல்லாரும் அதையே சொன்னார்கள், எனக்கும் சொன்னார்கள்.

"சுட்டது ஒருத்தருமில்லை, பிள்ளை. கொழுவினது. அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. இவ்வளவு காலமும் நான் அம்மாவுக்காக ஒரு காரணத்தை எழுதி வைத்திருந்தேனே, அது முழுப் பிழை. அவர் பயந்தது எதிரிக்கு இல்லை. கவனமில்லாமல் சாத்தி வைக்கிற கைக்கு.

அவர் எழும்பிப் போய்த் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். கையால் அறுக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன்.

"கட்டினது நான். நான் அறுக்கலாம். சட்டையைத் தூக்கு."

ஒரு வெட்டு. நூலைச் சுருட்டிச் சின்னம்மாவின் படத்துக்குக் கீழே வைத்தார்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே முடிந்தது! அது எங்கே, எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். நான் தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்து இடுப்பில் செருகிக் காட்டினேன். நட என்றார், நடந்தேன். குனி என்றார், குனிந்தேன். கதிரையில் இருந்து எழும்பு என்றார். ரிமோட் கீழே விழுந்தது. உறை அப்படி விடாது, கிளிப் இருக்கிறது, மேல்பூட்டு இருக்கிறது என்று விளக்கினேன். விசையைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கேட்டார். பயிற்சியாளர் முதல் வகுப்பில் எங்களிடம் கேட்ட கேள்வி அது. பிறகு என் ஜாக்கெட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். அலுமாரியில் இருந்தவற்றில் இடுப்புக்குக் கீழே கயிறு தொங்கிய இரண்டிலும் கயிற்றை உருவி எறிந்தார். ஒன்றின் உள்துணி கிழிந்திருந்தது, அதை இழுத்துத் தைத்தார். தான் ஒடுக்கித் தைத்த மூன்று சட்டையையும் எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத் தையலை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். சாக்கு மாதிரியே இருக்கட்டும் என்றார். நான் பக்கத்தில் இருந்து நூல் பிரித்தேன். பருப்பு ஆறிப்போய்விட்டது. என் உடம்பு முழுக்க ஒரு உற்சாகம் ஏறியிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

திங்கட்கிழமை பயிற்சியாளர் என் இடுப்பைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைப் பார்த்தார், கயிறு இருந்த ஓட்டைகள் இரண்டும் சின்னச் சின்னத் தையலில் மூடியிருந்தன. அதை விரலால் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அம்மா என்றேன். நாளைக்கு எல்லாரும் தங்கள் ஜாக்கெட்டை இப்படிச் செய்துகொண்டு வரவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். நெட்டையன் தன் மழைச்சட்டையை என் அம்மாவிடம் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுத்தான், தைத்தும் கொடுத்தார், கூடவே ஒரு டப்பா வடையும் போயிற்று.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறேன், துப்பாக்கியை ஒருமுறைகூடத் தெருவில் வெளியே எடுக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் என் இடுப்பைத் தடவுவதில்லை. பதிலாக, வேலை நாட்களில் காலை ஆறு மணிக்கு, நான் உடுப்பு மாற்றும் அறையில் நிற்கும் நேரம் பார்த்து, எனக்குப் போன் எடுப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பார்.

"கொழுவுற மாதிரி ஒண்டும் இல்லைத்தானே?"

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உறையை இன்னும் மாட்டாத வெறும் இடுப்பைச் சுற்றி ஒருமுறை தடவுகிறேன். சட்டை ஓரம், பெல்ட் நுனி, ஜாக்கெட்டின் அடி. எல்லாம் பார்த்த பிறகுதான் ஓம் என்று சொல்கிறேன்.